உளுந்து வேரில் முடிச்சைக் காணோம்

போன வருசம் கார்த்திகை பிறந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். டி.கல்லுப்பட்டியைத் தாண்டிப் பேரையூர் போகிற பக்கம் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கரிசல் காடு, முழுக்க மானாவாரி. புரட்டாசிக் கடைசியில் பெய்த மழைக்கு அப்பா இரண்டு புஞ்சையிலும் உளுந்து விதைத்திருந்தார். ஒன்று கிணற்றுப் புஞ்சை, மற்றது ஓடைப் புஞ்சை. கிணறு வற்றிப் பல வருசம் ஆகிறது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

35 நாள் பயிர், பூவெடுக்கிற நேரம். கிணற்றுப் புஞ்சை கரும்பச்சையாக நின்றது. ஓடைப் புஞ்சையைப் பார்த்ததும் மனசு சுருக்கென்றது, அத்தனை வெளுப்பு. மஞ்சள் தேமல் நோயோ என்று பயந்துகொண்டே உள்ளே இறங்கிப் பார்த்தேன். தேமல் என்றால் இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கிடக்கும், வெள்ளை ஈயும் இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. அடி இலையில் தொடங்கி மேலே ஏறியிருந்த சீரான வெளுப்பு. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், பற்றவில்லை என்று அர்த்தம்.

உளுந்துக்குத் தழைச்சத்து பற்றவில்லை என்றால் வேரைத்தான் பார்க்க வேண்டும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா அங்கேதான் சின்னச் சின்ன முடிச்சுக்குள் குடியிருக்கும். செடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும், ஒன்றும் தெரியாது. மண்வெட்டியால் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டு, அப்புறம் மெதுவாக அலச வேண்டும். இரண்டு புஞ்சையிலும் ஐந்தைந்து செடி அப்படி எடுத்தோம். கிணற்றுப் புஞ்சைச் செடியில் தண்டுக்குக் கீழே ஆணிவேரின் மேல்பகுதியிலேயே கொத்தாக முடிச்சு, சிலது மிளகு அளவு. ஒன்றை நகத்தால் இரண்டாகப் பிளந்தேன். உள்ளே நல்ல சிவப்புக் கொய்யாவை வெட்டினால் தெரியுமே, அந்த நிறம். ஓடைப் புஞ்சைச் செடியில் பக்கவேர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடுகு போல ஏழெட்டு. பிளந்தால் வெள்ளை. இரண்டு மூன்றில் வெளிர்பச்சை.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்றால், லெக்ஹீமோகுளோபின். நம் இரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம், அதே இரும்பு, அதே வேலை, ஆக்சிஜனைப் பிடித்துவைப்பது. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்ற வேண்டுமென்றால் அதன் நொதியின் மேல் ஆக்சிஜன் அதிகம் படக் கூடாது, பட்டால் நொதி கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே அளந்து அளந்து கொடுப்பதுதான் அந்தச் சிவப்பு. சிவப்பு இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் வேலை தொடங்கவே இல்லை, பச்சையோ பழுப்போ ஆகிவிட்டால் முடிந்துபோன முடிச்சு. இதைப் பார்க்க நகம் போதும், வேறு கருவி வேண்டாம். உளுந்து போடுகிற எல்லோரும் 30-ஆம் நாளுக்கு மேல் ஒரு தடவை இதைப் பார்த்துவிடுங்கள்.

அப்பா வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாக்கெட்டு சரியில்லத்தா" என்றார். பாக்கெட் என்றால் ரைசோபியம் உயிர் உரம். 8 கிலோ விதைக்கு 200 கிராம் பாக்கெட் ஒன்று, ஆறின வடிகஞ்சியில் கலந்து விதையில் பிசறி, நிழலில் சாக்கு விரித்து அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைப்பது. அவர் கோபம் நியாயமானதுதான். செத்த பாக்கெட்டுகள் விற்கத்தான் செய்கின்றன. ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது, ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கிடந்த பாக்கெட்டில் எத்தனை மிஞ்சும்? ஆனால் இந்தத் தடவை அந்தக் காரணம் ஒட்டவில்லை. இரண்டு புஞ்சைக்கும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே தேதி போட்ட பாக்கெட். ஒரே சாக்கில் உலர்த்திய விதை. ஒன்றில் கொத்தாக முடிச்சு, இன்னொன்றில் இல்லை. அப்படியானால் வித்தியாசம் மண்ணில்தான்.

"ஓடைப் புஞ்சையில கடைசியா வேற என்ன போட்டீங்க, எப்போ?" என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார், ஏழு வருசமாக வருசா வருசம் உளுந்துதான். தாழ்ந்த இடம், ஈரம் நிற்கும், நம்பிப் போடலாம் என்று. கிணற்றுப் புஞ்சையில் சோளம், பருத்தி, உளுந்து என்று மாறி மாறி.

ஏழு வருசம் என்று அவர் சொன்னபோதே எனக்குள் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. நான் நுண்ணுயிரியல் படித்தவள், இப்போது மதுரையில் தண்ணீர் பரிசோதனை செய்யும் ஓர் ஆய்வகத்தில் வேலை. படிக்கிற காலத்தில் ஃபேஜ் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்திருக்கிறேன். ஃபேஜ் என்றால் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். பாக்டீரியோஃபேஜ் என்பது முழுப்பெயர், பாக்டீரியாத் தின்னி என்று சொல்லலாம்.

வைரஸ் என்று சொன்னதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் மஞ்சள் தேமலும் கொரோனாவும்தான் ஞாபகம் வரும். ஃபேஜ் அந்த வகையில் சேராது. செடியை ஒன்றும் செய்யாது, மாட்டை ஒன்றும் செய்யாது, மனிதரை ஒன்றும் செய்யாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பாக்டீரியா, அதிலும் தனக்குப் பொருந்துகிற ஓர் இனம், பல நேரம் அந்த இனத்தில் ஒரு குறிப்பிட்ட ரகம் மட்டும். பூட்டுக்குச் சாவி மாதிரி. பாக்டீரியாவின் மேல்தோலில் தன் வால் பொருந்தும் இடம் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், தன் டிஎன்ஏவை உள்ளே செலுத்தும், அதற்கு மேல் அந்தப் பாக்டீரியா தனக்காக வாழாது, ஃபேஜ் குஞ்சுகளைச் செய்து குவிக்கும், கடைசியில் வெடித்துச் சாகும். ஒரு பாக்டீரியாவிலிருந்து பத்துப் பத்தாக, சிலதிலிருந்து நூற்றுக்கு மேலும் வெளியே வரும். அளவு என்று பார்த்தால் ஒரு மில்லிமீட்டருக்குள் 10,000 ஃபேஜை வரிசையாக நிறுத்தலாம். ஒரு கிராம் மண்ணில் வைரஸ்கள் கோடிக்கணக்கில் இருக்கும், வளமான ஈர மண்ணில் நூறு கோடியைத் தாண்டுவதும் உண்டு. நாம் செருப்பில்லாமல் நடக்கிற வரப்பில்தான் இவ்வளவும்.

இன்னொரு வகையும் உண்டு. உள்ளே போன ஃபேஜ் உடனே கொல்லாமல் தன் டிஎன்ஏவைப் பாக்டீரியாவின் டிஎன்ஏவோடு தைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் படுத்திருக்கும். பாக்டீரியாவுக்கு ஒரு நெருக்கடி வந்தால் எழுந்துகொள்ளும். ரைசோபியங்களில் பலவற்றுக்குள் இப்படித் தூங்கும் ஃபேஜ் இருக்கிறது. அதனால் நன்மையும் உண்டு, தூங்குகிற ஃபேஜ் இருக்கும் பாக்டீரியாவை அதே வகை ஃபேஜ் வெளியிலிருந்து வந்து தாக்க முடியாது.

இந்த விசயத்தில் எனக்கு மிகப் பிடித்த ஆள் பெய்ஜெரிங்க். நெதர்லாந்துக்காரர். 1888-ல் டெல்ஃப்ட் நகரத்தில் பயறுச் செடிகளின் வேர்முடிச்சிலிருந்து பாக்டீரியாவை முதன்முதலில் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டியவர் அவர்தான். அப்புறம் 1898-ல், புகையிலைத் தேமல் நோயை உண்டாக்குவது வடிகட்டியில் கூடத் தங்காத, பாக்டீரியாவைவிடச் சின்ன, உயிருள்ள ஒன்று என்று எழுதி, அதற்கு வைரஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தியவரும் அவரே. ரைசோபியம் ஒரு கையில், வைரஸ் ஒரு கையில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இன்னும் கொஞ்சக் காலம் ஆனது. 1915-ல் இங்கிலாந்தில் ட்வோர்ட், 1917-ல் பாரிஸில் டெரேல் என்று இருவரும் தனித்தனியாக ஃபேஜைக் கண்டறிந்தார்கள். அதற்கும் முன்பே, 1896-ல், ஆக்ராவில் வேலை பார்த்த ஹாங்கின் கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி சாவதை எழுதியிருக்கிறார். 1920-களிலேயே வேர்முடிச்சுப் பாக்டீரியாவைத் தின்னும் ஃபேஜ்கள் கிடைக்கத் தொடங்கிவிட்டன. 1930-களில் பிரான்சில் தெமோலோன், துனெஸ் என்ற இருவர், குதிரைமசால் என்னும் தீவனப் பயிரைத் தொடர்ந்து போடுகிற நிலம் நாளடைவில் 'சோர்ந்து' போவதற்கு இந்த ஃபேஜ்கள்தான் காரணம் என்றார்கள். பின்னால் வந்தவர்கள் பலர் அதை முழுதாக ஏற்கவில்லை, மண் சோர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றார்கள். அந்த விவாதத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் நானும் ஓடைப் புஞ்சையைப் பார்த்தேன். ஃபேஜ் இருக்கிறது என்று காட்டுவது எளிது, ஃபேஜ்தான் குற்றவாளி என்று சொல்வது அவ்வளவு எளிதில்லை.

இரண்டு புஞ்சையிலும் வேரை ஒட்டிய மண்ணைத் தனித்தனிப் பையில் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தேன். கல்லூரியில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி தன் ஆய்வகத்தில் இடம் கொடுத்தாள். முதலில் அப்பா மிச்சம் வைத்திருந்த பாக்கெட்டிலிருந்து ரைசோபியத்தை வளர்த்தோம். ஈஸ்ட் சாறும் மானிட்டால் சர்க்கரையும் சேர்த்த கூழில் காங்கோ சிவப்புச் சாயம் கலந்து தட்டில் ஊற்றினால், மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் சாயத்தை உறிஞ்சிச் சிவந்துவிடும், ரைசோபியம் வெளுப்பாகப் பிசுபிசுவென்று நிற்கும், அப்படி அடையாளம் கண்டு எடுக்கலாம். உளுந்து, பாசிப்பயறு, தட்டாம்பயறு, நிலக்கடலை வேரில் வாழ்பவை பெரும்பாலும் பிராடிரைசோபியம் என்னும் மெதுவாக வளரும் கூட்டம். தட்டில் தெரிய ஐந்து நாள், ஒரு வாரம் ஆகும். பொறுமை வேண்டும்.

அப்புறம் மண்ணைத் தண்ணீரில் கலக்கி, தெளியவைத்து, பாக்டீரியா புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்தோம். வடிந்து வந்த தண்ணீர் கண்ணுக்கு வெறும் தண்ணீர்தான். அதை ரைசோபியத்தோடு கலந்து மெல்லிய கூழாகத் தட்டில் பரப்பிவிட்டுக் காத்திருந்தோம். ஃபேஜ் இல்லையென்றால் தட்டு முழுக்க ஒரே பால் படலமாக வளரும். இருந்தால், அது விழுந்த இடத்தில் சுற்றியுள்ள பாக்டீரியாவெல்லாம் செத்து, படலத்தில் வட்டமாக ஒரு தெளிவான ஓட்டை விழும். ஒரு ஓட்டை, ஒரு ஃபேஜிலிருந்து தொடங்கிய கதை.

ஏழாம் நாள் தட்டைத் திறந்தபோது நான் பார்த்ததை மறக்க முடியாது. கிணற்றுப் புஞ்சைத் தட்டில் படலம் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது, விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குச் சில ஓட்டை. ஓடைப் புஞ்சைத் தட்டு, நன்றாகப் புளித்த மாவில் சுட்ட ஆப்பத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓட்டை. சிலது ஊசிமுனை, சிலது கேழ்வரகு அளவு, விளிம்பு சில இடத்தில் கூர்மையாக, சில இடத்தில் பனி படர்ந்த மாதிரி மங்கலாக. தட்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

மண்ணை ரைசோபியத்தோடு சேர்த்து நான்கு நாள் குலுக்கி ஃபேஜைப் பெருக்கிவிட்டு அப்புறம் தேடுவதுதான் வழக்கமான முறை. அப்படிச் செய்திருந்தால் ஒரே ஒரு ஃபேஜ் இருந்தாலும் கோடியாகிவிடும், இரண்டு புஞ்சையும் ஒன்று போலத் தெரியும். பெருக்காமல் நேராகத் தட்டில் போட்டதால்தான் வித்தியாசம் தெரிந்தது. இது தோழியின் யோசனை, அவளுக்கு நன்றி.

ஏன் ஓடைப் புஞ்சையில் மட்டும் இவ்வளவு? இதற்கு ஒரு விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. எந்தப் பாக்டீரியா அதிகமாகப் பெருகுகிறதோ அதைத் தின்னும் ஃபேஜும் பெருகும். கடலில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே பாக்டீரியாக் கூட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வைரஸ்கள் தினமும் கொல்வதாகக் கணக்கு, ஒரே இனம் மிஞ்சிப் போகாமல் பார்த்துக்கொள்வதும் அவைதான். ஒரே புஞ்சையில் ஏழு வருசம் ஒரே பயிர், ஒரே ரக ரைசோபியத்தை ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் கொண்டுபோய்க் கொட்டினால், நாம் ரைசோபியத்துக்குச் செய்வதாக நினைப்பது அதைத் தின்பவனுக்கும் பந்தி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. கரிசல் களிமண் வேறு, ஃபேஜ் துகள் களியில் ஒட்டிக்கொண்டு வெயிலுக்குத் தப்பிவிடும், மேற்பரப்பில் கிடந்தால் சூரிய ஒளியே கொன்றுவிடும்.

நேரமும் முக்கியம். விதை முளைத்து முதல் இரண்டு வாரத்துக்குள்தான் வேருக்கும் ரைசோபியத்துக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது. வேர் ஒரு வேதிப்பொருளை விடும், பாக்டீரியா பதிலுக்கு ஒரு பொருளை விடும், வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை அணைத்து உள்ளே இழுக்கும். உள்ளே போய்விட்டால் ஃபேஜிடமிருந்து ஓரளவு பாதுகாப்பு. வெளியே மண்ணில் காத்திருக்கிற அந்த நாட்களில்தான் ஆபத்து. தட்டாம்பயற்றில் தொட்டியில் வைத்துச் செய்த சோதனைகளில், பொருந்தும் ஃபேஜைச் சேர்த்தபோது முடிச்சு குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

ரைசோபியத்தோடு முடியவில்லை. சூடோமோனாஸ் என்னும் நோய் தடுக்கும் பாக்டீரியாவை வாங்கிப் போடாத விவசாயி நம் பக்கம் இப்போது குறைவு, வாடலுக்கும் வேரழுகலுக்கும் அதைத்தான் நம்புகிறோம். 2002-ல் சுவிட்சர்லாந்தில் கீல் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சூடோமோனாஸ் ஃப்ளோரசென்ஸின் ஒரு ரகத்தை மண்ணில் விட்டு, கூடவே அதைத் தின்னும் ஃபேஜையும் விட்டார்கள். பாக்டீரியாவின் எண்ணிக்கை விழுந்தது, வெள்ளரி நாற்றை வேரழுகலிலிருந்து அதனால் காப்பாற்ற முடியவில்லை. "போட்டேன், கேட்கல" என்று நாம் சொல்கிற இடங்களில் சிலவற்றுக்குப் பின்னால் இதுவும் இருக்கலாம் என்று நம்புகிறேன்.

அப்பாவிடம் போனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அதுக்கு என்ன மருந்து அடிக்கணும்?" என்பதுதான். இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மருந்து கிடையாது, இருந்தாலும் அடிக்கக் கூடாது. ஃபேஜ் மண்ணின் எதிரி இல்லை. அது பாக்டீரியாவை உடைக்கும்போது உள்ளிருக்கும் சத்து மண்ணுக்குத் திரும்பி மற்ற உயிர்களுக்கும் வேருக்கும் கிடைக்கிறது. ஒரு பாக்டீரியாவின் மரபணுவை இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதுதான். தாக்குதலில் தப்பிப் பிழைக்கும் ரைசோபியம் தன் மேல்தோலை மாற்றிக்கொண்டு ஃபேஜுக்குப் பிடிகொடுக்காத ரகமாகிறது, ஆனால் அப்படி மாறியவற்றில் சிலது வேரோடு சேரும் திறனையும் இழந்துவிடும். ஓடைப் புஞ்சையில் பார்த்த வெள்ளை முடிச்சுகளை நினைத்தால் இதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சோம்பேறி ரைசோபியங்களை ஃபேஜ் விட்டு ஒடுக்கி, நல்ல ரகத்துக்கு வழிவிடலாமா என்றும் சோயாவில் முயன்று பார்த்திருக்கிறார்கள். கத்தி இரண்டு பக்கமும் வெட்டும்.

இதைப் படித்துவிட்டு முடிச்சில்லாத ஒவ்வொரு செடிக்கும் ஃபேஜைக் காட்டாதீர்கள், ப்ளீஸ். முக்கால்வாசி இடங்களில் காரணம் இதைவிடச் சாதாரணமாக இருக்கும். அடியுரமாக யூரியாவைக் கொட்டினால் செடி முடிச்சு போடாது, கிடைக்கிற சத்தை விட்டுவிட்டு எதற்குப் பாக்டீரியாவுக்குச் சோறு போட வேண்டும்? மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், இல்லாவிட்டாலும் முடிச்சு வளராது. விதையில் பூஞ்சாணக் கொல்லி கலந்த கையோடு ரைசோபியத்தையும் கலந்தால் அது செத்துப்போகும், 24 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். விதைத்தபின் பத்து நாள் மழை இல்லாமல் காய்ந்தாலும் அதே கதிதான். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நாட்டு ரைசோபியம் பாக்கெட் ரைசோபியத்தை முந்திக்கொண்டு வேரைப் பிடித்துவிடுவதும் சகஜம். எங்கள் புஞ்சைகளில் இதெல்லாம் இரண்டுக்கும் பொதுவாக இருந்ததால்தான் நான் ஃபேஜ் வரை போனேன்.

அப்பாவிடம் நான் சொன்னது சின்ன விசயம். ஓடைப் புஞ்சையில் இந்த வருசம் உளுந்து வேண்டாம், சோளம் போடுங்க, விருந்து இல்லையென்றால் ஃபேஜின் எண்ணிக்கை தானாக இறங்கும். ஆட்டுக் கிடை போடுங்க, மக்கின எரு போடுங்க, மண்ணில் பலவகை உயிர் இருந்தால் எந்த ஒன்றும் தலைக்கு மேல் போகாது. ரைசோபியம் வாங்கும்போது வேறு ரகம் கிடைக்குமா என்று ஒத்தக்கடை விவசாயக் கல்லூரியில் கேட்டு வாங்குவோம். யானைமலை அடிவாரத்தில் 1965-லிருந்து இருக்கிற கல்லூரி அது, பஸ்ஸை விட்டு இறங்கினால் வாசல்.

சோளம் போட ஒத்துக்கொண்டார், ஆனால் ஓடை ஓரமாக நாலு சால் மட்டும் உளுந்துதான் போடுவேன் என்று பிடிவாதமாக நின்றார். புது ரகப் பாக்கெட்டைக் கஞ்சியில் பிசறி வேப்பமரத்தடியில் சாக்கில் பரப்பிவிட்டு, நிழல் நகர நகர சாக்கை இழுத்துக்கொண்டே இருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை 35-ஆம் நாள். ஐந்து செடி கெல்லினோம். மூன்றில் மேல்வேரில் முடிச்சு, கொத்து என்று சொல்ல முடியாது, ஆனால் மிளகு அளவு. இரண்டில் பழையபடி கடுகுதான். அப்பா ஒன்றைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "செவப்பாத்தான் இருக்குத்தா" என்று விரலோடு என் பக்கம் நீட்டினார். இரண்டு வகைச் செடியின் வேர்மண்ணையும் தனித்தனியாக எடுத்து வந்து செவ்வாய்க்கிழமை தட்டில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு மூன்றாம் நாள், படலம் இப்போதுதான் லேசாகப் படரத் தொடங்கியிருக்கிறது.